பண்ணையில் தோன்றும் அச்சம்: பாத்திரமேற்பு மேசை விளையாட்டின் திகில் பனுவல்களும் மெய்ப்பாட்டியலும்

ஆய்வுச் சுருக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து பேச்சாலும் பகடையாலும் கதை வளர்க்கும் பாத்திரமேற்பு விளையாட்டுகளுள் அச்சத்தை முதன்மையாகக் கொண்டவை தனி வகையாக வளர்ந்துள்ளன. அவ்வகையின் முன்மாதிரிகளுள் ஒன்றான 'ரேவன்லாஃப்ட்' (1983), அதன் மறுவாக்கமான 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' (2016) ஆகிய பனுவல்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அச்சம், அழுகை என்னும் இரு மெய்ப்பாடுகளைக் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை திறனாய்கிறது. வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இத்தகைய கதையொன்றை நடத்தப் புகுவோர் எதை மாற்றிக்கொள்ள வேண்டும், எதைத் தொடலாகாது என்னும் வினாவே இதன் மையம்.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், அழுகை, பண்ணை, பாத்திரமேற்பு விளையாட்டு, வில்லுப்பாட்டு, கரிசல், வெம்பக்கோட்டை.

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தன் முதல் நூற்பாவைப் பண்ணை என்னும் சொல்லோடு தொடங்குகிறது. அச்சொல்லுக்கு விளையாட்டு என்னும் பொருளை உரியியல் தந்துவிடுகிறது. இளம்பூரணர் விளையாட்டு ஆயம் என்றும், பேராசிரியர் வேந்தர் முதலாயினோர் நாடக மகளிரின் ஆடலும் பாடலும் கண்டும் கேட்டும் நுகரும் இன்ப விளையாட்டு என்றும் விரிப்பர். நகையும் அழுகையும் அச்சமும் முதலாக எட்டு மெய்ப்பாடுகளைப் பேசப் புகும் ஓர் இயல், அவை தோன்றும் களமாக முதலில் விளையாட்டைச் சுட்டுவது கருதத்தக்கது. கவிதைக்கும் கூத்துக்கும் மெய்ப்பாட்டியலைப் பொருத்திப் பார்த்த ஆய்வுகள் பல. விளையாட்டுக்கு அதனைத் திருப்பிப் பொருத்திப் பார்ப்பது அதன் சொந்த வாசல் வழியே நுழைவதாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் விளையாட்டு, 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழிவந்தது. நால்வர் அல்லது ஐவர் கூடி அமர்வர். ஒருவர் கதையுலகை எடுத்துரைப்பார்; ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, அப்பாத்திரம் செய்வதையும் பேசுவதையும் தாமே சொல்வர். ஒரு செயல் கைகூடுமா என்பது ஐயமானால் பகடை உருட்டப்படும். இருபது முகம் கொண்ட பகடையே இவற்றுள் பெயர்பெற்றது. எடுத்துரைப்பவரை நடத்துநர் என்றால் தமிழருக்குப் பேருந்தும் பயணச்சீட்டுமே நினைவுக்கு வரும் என்பதால் இக்கட்டுரை கதைநடத்துநர் என்றே குறிக்கிறது. அவர் கையில் இருக்கும் அச்சிட்ட நூல், நாடகப் பிரதியும் அன்று, புதினமும் அன்று. இடங்கள், மாந்தர், நிகழக்கூடியவை ஆகியவற்றின் தொகுப்பு அது. நிகழ்ந்தவை எவை என்பதை ஆடுவோரே முடிவுசெய்வர்.

வெம்பக்கோட்டையை இவ்வாய்வின் நிலைக்களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரையில் உச்சிமேடு என வழங்கும் மேட்டில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 முதல் நடத்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்கள், மணிகள் ஆகியவற்றோடு சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் பகடையும் கிடைத்துள்ளன. இதைக் கொண்டு பாத்திரமேற்பு விளையாட்டு வைப்பாற்றங்கரையில் பிறந்தது என்று எவரேனும் எழுதிவிடக்கூடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு. அவ்வாறு கொள்ள இடமில்லை. கிடைத்த காய்கள் காட்டுவது ஆட்டம் இருந்தது என்பதை மட்டுமே. இவ்வட்டாரத்தை எடுத்துக்கொள்வதற்கு உண்மையான காரணம் வேறு. அச்சத்தை அன்றாடத் தொழிலின் பகுதியாகக் கொண்ட ஊர்கள் இவை. அச்சத்தை விளையாட்டுப்பொருளாக்கும் கலை இத்தகைய மண்ணில் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்த்தால்தான் அக்கலையின் வலிமையும் வரம்பும் விளங்கும்.

எண்ணால் அடங்கும் பேய்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அதன் பாத்திரங்களுக்கு உயிர் ஓர் எண். வாள்வீச்சு ஓர் எண். கவசம் ஓர் எண். வெற்றிதோறும் எண்கள் உயரும். எதிரில் வரும் பேய்க்கும் இதே முறையில் எண்கள் உண்டு. ஆகவே பேயைக் கண்ட மாத்திரத்தில் அனுபவமுள்ள ஆடுநர் கணக்கிடத் தொடங்குகிறார். கணக்கிடத் தொடங்கிய இடத்தில் அச்சம் ஒழிந்து, அதனிடத்தில் பெருமிதம் வந்து அமர்ந்துவிடுகிறது. வீரதீரக் கதைக்கு இது பொருந்தும். திகில் கதைக்கு இதுவே முதல் பகை.

இப்பகையை வெல்ல விளையாட்டு வடிவமைப்பாளர் கண்ட வழிகளுள் ஒன்று, அச்சத்தையும் எண்ணாக்கிவிடுவது. 1981ஆம் ஆண்டு சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய 'கால் ஆஃப் கதுலு' விளையாட்டில் பாத்திரத்தின் மனத்தெளிவு புள்ளிகளாக அளக்கப்படுகிறது. காணத் தகாததைக் காணும்போதெல்லாம் அது குறையும். 1990இல் வெளிவந்த ரேவன்லாஃப்ட் தொகுதி, அச்சச் சோதனை, திகில் சோதனை என இரண்டு பகடை உருட்டல்களைப் புகுத்தியது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதியில் அஞ்சிய நிலை என்று ஒன்று உண்டு. அஞ்சிய பாத்திரம் அஞ்சவைத்த பொருளைத் தானாக நெருங்க இயலாது. அது கண்ணில்படும் வரை தாக்குதலிலும் பிற செயல்களிலும் தடுமாறும்.

இவை அனைத்தும் பாத்திரத்தின் அச்சம் பற்றிய விதிகள். ஆடுநரின் அச்சம் பற்றியவை அல்ல. தன் பாத்திரம் நடுங்குவதாகத் தாளில் குறித்துக்கொண்டே, அடுத்த வாய் தேநீரை அமைதியாக அருந்த ஆடுநரால் முடியும். கதுலு இதில் சற்று முன்னேறுகிறது; தன் பாத்திரத்தின் மனத்தெளிவைத் தன் கையாலேயே அழித்து எழுத நேரும்போது ஆடுநரிடம் ஏதோ ஒன்று அசைகிறது. எனினும் அது இழப்புணர்வு. அச்சம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

அஞ்சுபவர் யார்?

பேராசிரியர் ஒவ்வொரு மெய்ப்பாட்டையும் நான்காகப் பகுப்பார்: சுவைக்குரிய பொருள், அதனை அறியும் உணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல். மயிர் சிலிர்த்தல், வியர்த்தல், நடுங்குதல், குரல் சிதைதல் ஆகியன விறலின்பாற்படும். எட்டையும் நான்கால் பெருக்க முப்பத்திரண்டு ஆகும். இளம்பூரணரோ, அஞ்சியவனிடத்து நிகழும் அச்சம் அவன் உடல்வழிப் புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாவதை மெய்ப்பாடு என்பார். கூத்தில் இப்பகுப்பு எளிது. மேடையில் அஞ்சுபவர் ஒருவர்; அரங்கில் காண்பவர் வேறொருவர்.

மேசை விளையாட்டில் இந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. ஆடுநர் தாமே அஞ்சுபவர், தம்மைத் தாமே காண்பவர், பிறர் அஞ்சுவதையும் காண்பவர். மூன்று இருக்கைகளில் ஒருவரே மாறிமாறி அமர்கிறார். இந்நிலையில் கதைநடத்துநர் தரக்கூடியது நான்கனுள் முதலாவது மட்டுமே, அதாவது சுவைக்குரிய பொருள். உணர்வும் குறிப்பும் விறலும் ஆடுநர்க்கு உரியவை. ஆயத்த நூல்கள் பலவற்றில், ஆடுவோர்க்கு வாசித்துக் காட்டுவதற்கென்று கட்டமிட்ட பத்திகள் உண்டு. உங்கள் முதுகுத்தண்டு சில்லிடுகிறது, உங்கள் உள்ளம் நடுங்குகிறது என்பன போன்ற தொடர்கள் அவற்றில் வரும்போது, கதைநடத்துநர் ஆடுநரின் பங்கைத் தாமே எடுத்துக்கொள்கிறார். நடுங்கச் சொல்லப்பட்டவர் நடுங்குவதில்லை. தாழ்ப்பாள் உட்புறம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். பூட்டிய அறைக்குள் எவரும் இல்லாதபோது உட்புறத் தாழ்ப்பாளைப் போட்டது யார் என்பதை ஆடுநர் தாமே கேட்டுக்கொள்வார்.

விறலை நேரடியாக எட்டிய விளையாட்டு ஒன்று உண்டு. 'டிரெட்' என்னும் அவ்விளையாட்டில் பகடையே இல்லை. மேசை நடுவில் மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரம் ஒன்று நிற்கும். இடர்மிக்க செயல் எதையேனும் செய்ய விழைபவர் கீழிருந்து ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். கோபுரம் சரிந்தால் அவருடைய பாத்திரம் கதையிலிருந்து நீங்கும். இங்கே கை உண்மையாகவே நடுங்குகிறது. சுற்றியிருப்போர் மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். பாத்திரத்தின் விறலும் ஆடுநரின் விறலும் ஒன்றாகிவிடுகின்றன. சொல்லால் மட்டும் நடத்துவோர் இதிலிருந்து கற்க வேண்டியது, அச்சத்திற்கு உடல் தேவை என்பதை.

இறை என்னும் அச்சம்

அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கைத் தொல்காப்பியம் எண்ணுகிறது. முதல் மூன்றும் எவருக்கும் தோன்றக்கூடியவை. நான்காவதைச் சேர்த்ததில்தான் அந்நூற்பாவின் கூர்மை இருக்கிறது. தன்னை ஆள்பவன்பால் கொள்ளும் அச்சம், பேய்பால் கொள்ளும் அச்சத்தோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளது.

ரேவன்லாஃப்டின் வெற்றிக்குக் காரணம் இந்நான்காவதே என்பது என் துணிபு. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையர் எழுதிய அப்பனுவலின் பகைவன் ஸ்ட்ராட், குருதி உண்ணும் பிணம். வௌவாலாகவும் ஓநாயாகவும் உருமாறுவான். ஆயினும் அவன் அணங்கு என்பதைவிட அந்நாட்டின் இறை என்பதே முதன்மையானது. பரோவியா அவன் நிலம். அங்குள்ளோர் அவன் குடிகள். எல்லையைச் சூழ்ந்த மூடுபனி அவன் ஆணைக்கு உட்பட்டது. 2016ஆம் ஆண்டுப் பனுவலில் அவன் கதைமாந்தரைத் தன் மாளிகைக்கு விருந்துண்ண முறைப்படி அழைக்கிறான். அழைப்பை மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. மறைந்து பாயும் பேயைவிட, விருந்துக்கு அழைக்கும் நிலக்கிழார் அச்சம் தருவது எதனால் என்பதை வெம்பக்கோட்டைப் பக்கத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. இவ்வட்டாரத்தில் ஏழாயிரம்பண்ணை என்றோர் ஊர் உண்டு; பாளையங்களுள் ஒன்றாக இருந்தது. இப்பக்கத்துப் பேச்சில் பண்ணை என்றால் விளையாட்டு நினைவுக்கு வராது. பெருநிலம் உடையவரும் அவர்முன் நிற்கும் முறையுமே நினைவுக்கு வரும். ஒரு சொல்லின் இருபொருளும் ஸ்ட்ராடின் விருந்து மேசையில் சந்திக்கின்றன.

கதைநடத்துநரும் ஓர் இறையே. இதைப் பெரும்பாலான கையேடுகள் கவனமாகச் சொல்வதில்லை. உலகம் முழுவதும் அவர் கையில். பகடை விழுந்த பின்னும் பொருள் சொல்பவர் அவர். இவ்வதிகாரத்தைக் கொண்டு ஆடுநரை எந்நேரமும் வீழ்த்தலாம். அதனாலேயே அவ்வாறு வீழ்த்துவதில் அச்சம் இல்லை, எரிச்சல் மட்டுமே உண்டு. அச்சம் பிறப்பதற்குத் தேர்வு ஆடுநரின் கையில் இருக்க வேண்டும். தேர்வுகள் அனைத்தும் விலை உடையனவாக இருக்க வேண்டும்.

கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராடின் பிற்சேர்க்கையாக அமைந்த 'டெத் ஹவுஸ்' என்னும் சிறுபகுதி இதற்குத் தக்க சான்று. தெருவில் நிற்கும் இரு குழந்தைகள், வீட்டின் அடியில் அரக்கன் இருப்பதாகச் சொல்கின்றனர். அக்குழந்தைகள் பூட்டிய அறையில் பட்டினியால் இறந்தவர்கள் என்பது பின்னர் தெரியவரும். நிலவறையின் ஆழத்தில் ஒரு மேடை. ஒருவர் இறந்தாக வேண்டும் என்று மீண்டும் மீண்டும் கேட்கும் குரல்கள். பலி கொடுக்க மறுத்தால் குப்பைக் குவியலிலிருந்து ஓர் உருவம் எழும். இங்கு பேயின் எண்கள் பொருட்டல்ல. ஆடுவோர் ஒருவரையொருவர் பார்க்கும் அந்த ஓரிரு நிமிட அமைதியே திகில். கதைநடத்துநர் அப்போது வாய் திறந்தால் எல்லாம் கெட்டது.

இதே பனுவலின் பெருங்குறை வேறோரிடத்தில் இருக்கிறது. குறி சொல்லும் நாடோடி மக்களாக விஸ்தானியர் என்னும் கூட்டத்தாரை அது படைத்தது. குடி, களவு, சூனியம், பகைவனுக்கு உளவு என ஐரோப்பிய ரோமா மக்கள்மீது காலங்காலமாகச் சுமத்தப்பட்ட பழிகளே அப்படைப்பின் சரக்கு. வாசகர் எதிர்ப்பை அடுத்து 2020இல் பதிப்பகம் அப்பகுதிகளைத் திருத்துவதாக அறிவித்தது. தமிழில் இக்கதையைப் பெயர்க்க முனைவோர் விஸ்தானியர் இடத்தில் குறத்தியையோ, கொல்லிமலை மாந்திரீகரையோ, சுடுகாட்டில் பணிபுரியும் வெட்டியானையோ நிறுத்திவிடுவது மிக எளிது. நம் திரைப்படங்கள் அதைத்தான் செய்துவந்துள்ளன. ஒரு சாதியாரின் தொழிலை இருட்டில் காட்டி அச்சம் விளைவிப்பது இளிவரலின்பாற்படுமேயன்றி அச்சமாகாது. திறனாய்வாளர் இதைத் தயங்காது சொல்ல வேண்டும்.

மூடுபனி இல்லாத நிலம்

கரிசல் காட்டில் மூடுபனி இல்லை. மலைமுகட்டுக் கோட்டையும் ஊசியிலை மரங்களும் இல்லை. திறந்த வெளி, வெயில், தொலைவில் ஒரு பனைவரிசை. இங்கே பரோவியாவை அப்படியே இறக்கினால் அது திரைச்சீலையில் வரைந்த காடுபோல் தோன்றும். பொருளைப் பெயர்ப்பதற்கு மாறாக அதன் தொழிலைப் பெயர்க்க வேண்டும். மூடுபனியின் தொழில் வெளியேறும் வழியை அடைப்பது. கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தோர் அதற்கு மாற்றைத் தேடி அலைய மாட்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் பாதத்தில் மண் அப்பிக்கொண்டு கால் கனத்துவிடும். வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். வறண்டு கிடந்த வைப்பாற்றில் மேற்கு மழையால் நீர் வந்துவிட்டால் மறுகரை வேறு நாடு. மூன்று நாள் அடைமழை, ஊரைப் பரோவியா ஆக்கிவிடும். அதில் மந்திரம் எதுவும் இல்லை என்பதே அதன் ஆற்றல்.

நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். திகில் கதைக்கு இரவே உரியது என்பது குளிர்நாட்டு வழக்கு. தென்தமிழ்நாட்டில் உச்சிப்பொழுதும் அஞ்சத்தக்கது. உச்சி வேளையில் கண்மாய்க்கரைப் புளியமரத்தடிக்கும் பாழ்கிணற்றுப் பக்கமும் பிள்ளைகளை விடாத பெரியவர்கள் இன்றும் உள்ளனர். நிழல் காலடியில் சுருங்கி, தெருவில் ஆளரவம் அற்றுக் கிடக்கும் அந்த வேளையைக் கோதிக் கதைகள் அறியா. பூமணியின் 'வெக்கை' (1982) பேய்க்கதை அன்று. எனினும் ஒளிந்து திரியும் சிறுவனுக்குப் பகல் வெளிச்சம் எத்தகைய பகை என்பதை அந்நாவல் அளவுக்குக் காட்டியவை குறைவு. கரிசல் திகிலை எழுதவோ நடத்தவோ முனைவோர் அதைப் படித்துவிட்டுத் தொடங்குவது நலம்.

அச்சமும் இழவும்

இனி, இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமான வினாவுக்கு வரலாம். வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் திகில் கதை நடத்தும் ஒருவர்க்கு உடனே தோன்றக்கூடியது பட்டாசு ஆலை. ஊருக்கு வெளியே தனித்தனியாக நிற்கும் சிறு அறைகள், கருமருந்தும் மணிமருந்தும், தீப்பொறி ஒன்று போதும் என்னும் நிலை. கதைக்களத்துக்குரிய அனைத்தும் அமைந்திருப்பதாகத் தோன்றும். வெளியூரிலிருந்து வரும் படைப்பாளர்க்கு இது மிகவும் தோன்றும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உள்ளே பணிபுரிந்தோர் மட்டுமல்லர். தீயைக் கண்டு உதவ ஓடியவர்களும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்திலும் பலர் இறந்தனர். இவற்றுக்கு இடையிலும் பின்னும் நாளிதழில் ஒரு பத்தியாக வந்துபோன விபத்துகள் பல. மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு என்னும் ஒரே தொடர் அப்பத்திகளில் மாறாமல் வரும். இப்பக்கத்து ஊர்களில் ஐந்து பேர் கூடி அமர்ந்தால், அவர்களுள் ஒருவரேனும் அத்தொடரை உறவின் பெயரோடு சேர்த்துப் படித்தவராக இருக்கக்கூடும்.

அவ்வாறு அமர்ந்த மேசையில் கதைநடத்துநர் ஆலை வெடிப்பைக் கொண்டுவந்தால் நிகழ்வது என்ன? மிகுந்த அச்சம் என்று சிலர் கருதலாம். உண்மைக்கு அருகில் செல்லச் செல்லத் திகில் கூடும் என்பது பரவலான எண்ணம். இதனைத் தொல்காப்பியம் மறுக்கிறது. அச்சத்தின் நிலைக்களன் நான்கும் தன்னிடத்துத் தோன்றாமல் பிறிது பொருள் பற்றியே வரும் என்பது பேராசிரியர் உரை. அழுகையின் நிலைக்களன்களாக எண்ணப்படுபவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. உறவை வெடிவிபத்தில் இழந்தவர்க்கு அவ்வெடிப்பு பிறிது பொருள் அன்று, அது இழவு. அணங்கையும் விலங்கையும் போல எதிரில் வந்து நிற்பதன்று; உள்ளே ஏற்கெனவே இருப்பது. ஆகவே ஆலை வெடிப்பு அவரிடத்து அச்சத்தின் உச்சத்தை எழுப்பாது; வேறொரு மெய்ப்பாட்டை, அவர் கேளாத நேரத்தில், பிறர் முன்னிலையில் எழுப்பும். அளவில் மிகையான அச்சம் என்று இதைக் கொள்வது வகைப் பிழை. கதைநடத்துநர் அச்சம் தேடிப் போய் அழுகையின் கதவைத் திறந்துவிடுகிறார்.

மேலைநாட்டு விளையாட்டாளர்கள் இச்சிக்கலை வேறு சொற்களில் எதிர்கொண்டுள்ளனர். ஆட்டம் தொடங்குமுன் கூடிப் பேசி, கதையில் அறவே வரக்கூடாதவற்றைக் கோடு என்றும், வரலாம் ஆயினும் விரித்துக் காட்டக்கூடாதவற்றைத் திரை என்றும் பிரித்துக்கொள்ளும் முறையை ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்தார். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் 2013இல் அறிமுகப்படுத்திய எக்ஸ் அட்டை இன்னும் எளியது. மேசை நடுவில் ஓர் அட்டை இருக்கும்; எவரேனும் அதைத் தொட்டால் அக்காட்சி கைவிடப்படும்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. இது திகிலை மழுங்கடிக்கும் என்பாரும் உளர். மேற்கண்ட பகுப்பை ஏற்றால் அவ்வாதம் நிற்காது. அட்டை தடுப்பது அழுகையை, அச்சத்தை அன்று. வெளியேறும் கதவு இருக்கிறது என்பதை அறிந்தவரே உள்ளே ஆழமாகச் செல்வர். இதைப் பட்டாசுத் தொழிலாளர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மருந்தறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்படுவதும், ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் அமரலாகாது என வரையறுப்பதும், பல பக்கமும் வாயில் வைப்பதும் அச்சத்தைப் போக்குவதற்காக அல்ல, அச்சத்தோடு பணிபுரிவதற்காக. அவ்வரையறைகள் மீறப்படும் இடத்தில்தான் இழவு நேர்கிறது.

ஆனால் காரணம் கேளாமை என்னும் விதி நம் சூழலில் எளிதில் நடைமுறையாகாது என்பதையும் சொல்ல வேண்டும். மூத்தோர் முன்னும் நண்பர் முன்னும் ஓர் அட்டையைத் தொடுவதே ஒரு பேச்சாகிவிடும். ஏன், என்ன என்று நால்வர் கேட்பர். ஆகவே வெம்பக்கோட்டையில் நடத்துவோர், அட்டையை நம்பியிராமல், ஆலை வெடிப்பை முதலிலேயே கோட்டுக்கு அப்பால் வைத்துவிடுவது தக்கது. யாரையும் கேட்காமலே வைத்துவிட வேண்டும். கேட்பதே ஒருவரை அடையாளம் காட்டிவிடக்கூடும். அவ்வூர் மக்களே தம் கதையாக அதை எடுத்துச் சொல்ல முன்வரும் நாள் வேறு. அப்போது அது திகில் கதையாக இராது.

பீடம்

தென்மாவட்டக் கோயில் கொடைகளில் பாடப்படும் வில்லுப்பாட்டு, அச்சத்தைப் பலர் கூடிக் கேட்கும் மரபு என்ற வகையில் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. குமரி மாவட்ட வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் (1988), கதைத்தலைவரின் சாவும் தெய்வமாதலும் பாடப்படும் கட்டத்திலேயே சாமியாட்டம் நிகழ்வதைக் காட்டியுள்ளார். ஆடுபவர் எவர் என்பது முன்னரே அறியப்பட்டது, கோமரத்தாடி அவர். சுடலைமாடன் நள்ளிரவில் மயான வேட்டைக்குச் செல்லும்போது எதிரே எவரும் வரலாகாது என்பதும் ஊரறிந்தது. கோடும் திரையும் என்று பெயரிடாமலே ஊர் அவற்றை வரைந்துவைத்திருக்கிறது. இருப்பினும் கொடை விளையாட்டன்று. அதில் நம்பிக்கை உண்டு, நேர்ச்சை உண்டு, ஊர்முறையும் அதன் ஏற்றத்தாழ்வும் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் காட்டுவது இரண்டுக்கும் இழைக்கும் தீங்கு.

ஒப்பீட்டின் பயன் கதைமுடிவில் தெரிகிறது. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை முதலாகத் தென்னாட்டுக் கதைப்பாடல்கள் பலவற்றில், அஞ்சப்படும் ஆற்றல் என்பது முறையின்றிக் கொல்லப்பட்ட ஒருவரின் ஆற்றல். அதனை எவரும் இரண்டாம் முறை கொல்வதில்லை. இடம் தருகின்றனர், பீடம் எழுப்புகின்றனர், ஆண்டுக்கொருமுறை கதையைப் பாடுகின்றனர். பேயை வீழ்த்திப் புள்ளிகள் பெறும் விளையாட்டுக்கு இம்முடிவு புதிது. ஸ்ட்ராடைக் கதிரவ வாளால் கொல்லலாம். ஆயினும் சில மாதங்களில் அவன் மீண்டெழுவான் என்று கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராடே சொல்லிவிடுகிறது. கொல்வதால் எதுவும் தீர்வதில்லை என்பதை அப்பனுவல் உணர்ந்திருக்கிறது. தீர்க்கும் வழியை மட்டும் முதன்மைக் கதையில் வைக்கவில்லை.

கரிசல் மண்ணில் இக்கதையை நடத்துவோர் அம்முடிவை முன்னுக்குக் கொண்டுவரலாம். ஊரை அடைத்துப் பெய்யும் மழையும், விருந்துக்கு அழைக்கும் பண்ணையாரும், உச்சிப்பொழுதில் தெருவில் நிற்கும் உருவமும் ஆடுவோரை ஒரே வினாவுக்கு இட்டுச்செல்லட்டும்: இங்கே இறந்தவர் யார், அவரை யார் கொன்றது, அவர் பெயரைச் சொல்ல ஊர் ஏன் அஞ்சுகிறது? அணங்குபால் கொண்ட அச்சம் இறைபால் கொண்ட அச்சமாக அவிழும் இடம் அது. அங்கே போரில் வெல்வதற்குப் பகடை உருட்டிப் பயனில்லை. பெயரைக் கண்டறிந்து, ஊர் முன்னிலையில் சொல்லி, கல் நட வேண்டும்; அதன் விலையைப் பண்ணையார்க்குச் செலுத்தவும் வேண்டும். எத்தனை எண்கள் உயர்ந்த பாத்திரமானாலும் அவ்விலை குறையாது.

இதற்கான வித்து 2016ஆம் ஆண்டு நூலிலேயே இருக்கிறது. டெத் ஹவுஸில் பட்டினியால் இறந்த அக்குழந்தைகளின் எலும்புகளைப் பரணறையிலிருந்து எடுத்துச் சென்று, அவர்களுக்கென்று கட்டி வெறுமையாக விடப்பட்ட நிலவறைக் கல்லறைகளில் வைத்தால் ஆவிகள் அமைதியுற்று மறையும் என ஓரிடத்தில் போகிறபோக்கில் அது குறிப்பிடுகிறது. அதற்குப் பகடை எதையும் உருட்டச் சொல்லவில்லை.